ஊற்றுகளின் வழியே ஒரு நாள்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருத்தி மேடைக்கு வந்தால் நீரிழிவைப் பற்றியும் கொலஸ்ரரோலைப் பற்றியும்தான் பேசுவாள் என்று பயந்துகொண்டிருப்பவர்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி: இன்றைக்கு அது இல்லை. எங்கள் வகுப்புத் தோழிகள் ஐந்து பேர் போன ஒரு பயணத்தில் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் கதைக்கப் போகிறோம். "நாங்கள்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த உரைக்கான குறிப்புகளை ஐவரும் சேர்ந்தே எழுதினோம். வாசிக்கும் வேலை மட்டும் இந்த வாய்க்கு வந்து சேர்ந்தது.

எங்களில் இருவர் மெல்பேணில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி ரொறன்ரோவில். ஐந்தாமவள் ஊரை விட்டுப் போகாதவள்; இதே கல்லூரியில் புவியியல் படிப்பிக்கிறாள், அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். தொழிலால் மூன்று வைத்தியர், ஒரு கணக்காளர், ஒரு ஆசிரியை. "மூன்று டொக்டர்மார் போறியள், ஒரு மெக்கானிக் கூட இல்லையே" என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் போனோம். அடிலெய்டில் வெளிக்கிட்டு, கூடாரம் அடித்து அடித்து, அவுஸ்திரேலியாவின் நடுவில் இருக்கிற உலுரு வரை போய்த் திரும்புகிற இரண்டு கிழமைப் பயணம். ஜூலை மாதம் அங்கே குளிர்காலம். பகலில் இதமான வெயில், இரவில் பல் கிட்டும் குளிர். பாலை நிலத்துக்குப் போக அதுதான் காலம்.

நாங்கள் சொல்ல வந்த நாள் மரீ என்ற சிற்றூரில் விடிந்தது. அடிலெய்டில் இருந்து றோட்டு வழியே 700 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து வடமேற்கே போகிறது ஊட்னடாட்டா பாதை. மொத்தம் 600 கிலோமீற்றருக்கு மேல், எல்லாம் கிறவல். அன்றைக்கு எங்களுக்கு விதித்தது அதில் 130 கிலோமீற்றர் மட்டுமே. கவர்ட் ஸ்பிறிங்ஸ் என்ற இடத்தில் இரவு கூடாரம். தார் றோட்டில் ஒன்றரை மணித்தியால ஓட்டம். எங்களுக்குக் காலை ஏழரையில் இருந்து மாலை ஐந்தரை வரை பிடித்தது. அவ்வளவுக்கு நின்று நின்று போனோம்.

மரீயில் இன்று மிகக் கொஞ்சப் பேர்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் அது பெரிய சந்தி. 1884 இல் ரயில் அங்கே வந்து சேர்ந்தது. தண்டவாளம் முடிந்த இடத்தில் இருந்து சாமான்களை உள்நாட்டுக்குக் கொண்டுபோனவை ஒட்டகங்கள். 1866 இல் கராச்சியில் இருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களும் அவற்றை நடத்தத் தெரிந்த ஆட்களும் போர்ட் ஒகஸ்டாவில் வந்திறங்கினார்கள். பிறகு இன்னும் வந்தார்கள். பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப், ஆப்கானிஸ்தான் என்று பல இடத்தவர்கள். வெள்ளையர் எல்லாரையும் ஒரே சொல்லில் "ஆப்கான்" என்று அழைத்துவிட்டார்கள். அந்தப் பாதையில் ஓடிய ரயிலுக்கு "கான்" என்று பெயர் வந்ததும் அவர்களால்தான் என்று சொல்வார்கள். அவர்கள் நட்ட பேரீச்ச மரங்களும், மண்ணால் கட்டிய அவர்களது சிறு பள்ளிவாசலின் மாதிரியும் மரீயில் இன்றும் இருக்கின்றன.

தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் வெள்ளையர் வீடுகள், மறு பக்கம் ஒட்டகக்காரரும் ஆதிக்குடி மக்களும். சுடலையும் அப்படியே பங்கு போட்டது. எந்தக் கிணற்றில் ஆர் அள்ளலாம், ஆர் அள்ளக் கூடாது என்று எழுதாத சட்டம் வைத்திருந்த ஊர்களில் பிறந்த எங்களுக்கு இதை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. சிறிது நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

மூன்று வைத்தியர்களும் நகர மறுத்த இடம் மரீயின் சிறிய சிகிச்சை நிலையத்தின் வாசல். அதை நடத்துவது றோயல் பிளையிங் டொக்டர் சேர்விஸ். பறந்து போய் வைத்தியம் பார்க்கும் அந்தச் சேவையை ஜோன் பிளின் என்ற மதகுரு 1928 இல் குயின்ஸ்லாந்தின் குளோன்கரியில் தொடக்கினார். விமானம் கிடைத்துவிட்டது, ஆனால் நோயாளி எப்படிக் கூப்பிடுவது? மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. அல்பிரட் ட்ரேகர் என்பவர் சைக்கிள் மிதிப்பது போல மிதித்து மின் எடுக்கும் வானொலிக் கருவியைச் செய்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட எங்களுக்கு ட்ரேகரை உடனே பிடித்துப்போனது.

அதைவிட எங்களைக் கவர்ந்தது மருந்துப் பெட்டி. தூரத்துப் பண்ணை ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரியான ஒரு பெட்டி. உள்ளே ஒவ்வொரு மருந்துக்கும் பெயரோடு ஓர் இலக்கம். 1942 இல் ஒரு தாதி சொன்ன யோசனை அது. மருந்தின் நீளமான பெயர் இரைச்சலில் தவறிப் போகலாம், இலக்கம் தவறாது. வைத்தியர் இத்தனையாம் இலக்கத்தில் இரண்டு குளிசை என்பார், பண்ணைக்காரி எடுத்துக் கொடுப்பாள். டொக்டர்மார் நாடு விட்டுப் போய், மருந்தும் வராமல் இருந்த வருடங்களில் எங்கள் தாதிமாரும் உதவி வைத்தியர்களும் யாழ்ப்பாணத்தை எப்படித் தாங்கினார்கள் என்பது அந்த வாசலில் எங்கள் கதையாயிற்று. ஆசிரியை இரண்டு தரம் ஹோர்ன் அடித்த பிறகுதான் வாகனத்தில் ஏறினோம்.

வாகனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நான்கு சில்லும் இழுக்கிற வாகனம், இரண்டு மேலதிக ரயர், செய்மதித் தொலைபேசி, ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லீற்றர் என்ற கணக்கில் தண்ணீர். குளிர்காலத்துக்கு அது கூடத்தான். ஆனால் மரீயில் இருந்து பிரிந்து போகிற இன்னொரு பாதையில், 1963 டிசம்பர் கடைசியில், ஒரு குடும்பத்தின் ஐந்து பேரும் தாகத்தால் இறந்துபோனார்கள். வழி தவறி, எரிபொருள் தீர்ந்து, வாகனத்தை விட்டுத் தண்ணீர் தேடி நடந்தவர்கள். 1998 டிசம்பரில் கட்டி தண்டா ஏரிக் கரையில் வாகனம் புதைந்துபோன இரு வெளிநாட்டு இளையவர்களில், உதவி தேடி நடந்த பெண் இறந்தாள். பாதி வழியில் வாகனத்துக்குத் திரும்பிய ஆண் பிழைத்தான். நாற்பது பாகைக்கு மேற்பட்ட வெயிலில் நடக்கிற உடம்பு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல் வியர்வையாக இழக்கும். தோளில் தூக்கிக்கொண்டு போகிற தண்ணீர் அதற்கு ஈடுகொடுக்காது. நிழலில் அசையாமல் இருக்கிற உடம்பு அதில் சிறு பங்கைத்தான் இழக்கும். வாகனம் நிழல், வாகனம் மேலே இருந்து தேடுபவருக்குத் தெரிகிற அடையாளம். மெல்பேணிலும் பேர்த்திலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் லைசென்ஸ் எடுத்த கையோடு இந்தப் பக்கம் போக ஆசைப்படுகிறார்கள். வாகனம் நின்றால் அதை விட்டு நகரக் கூடாது என்பதை, பெற்றோல் காசு கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வைத்திய ஆலோசனை இன்றைக்கு இவ்வளவுதான்.

மரீயை விட்டதும் மரங்கள் குறுகிச் செடியாகி, செடிகள் குறுகிக் கல்லாகிவிட்டன. செங்கல் நிறத்தில் வழுவழுப்பான கற்கள், அடிவானம் வரைக்கும். "இஞ்சை பார்க்க என்னடி இருக்கு?" என்று ரொறன்ரோக்காரி கேட்டாள். அவள் கேட்டு முடிக்கவில்லை, ஒரு கம்பி வேலி குறுக்கே வந்தது. காட்டு நாய்களான டிங்கோக்கள் தெற்கே இருக்கிற செம்மறி மேய்ச்சல் நிலத்துக்குள் வராமல் தடுக்கிற வேலி அது. நீளம் ஏறக்குறைய 5,600 கிலோமீற்றர். முட்கம்பிக்குப் பழகிய கண் எங்களுடையது. வேலியைக் கண்டதும் எங்களை அறியாமலே வேகத்தைக் குறைத்தோம், ஒருத்தி கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடினாள். பிறகு சிரித்தோம். கடவையைத் தாண்டி அப்பால், ஆரோ ஒரு கலைஞர் இரண்டு விமானங்களை வாலில் நிமிர்த்தி நட்டு வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்க ஆளில்லை.

கட்டி தண்டா ஏரியின் தென் பகுதியைப் பாதையோரத்து மேட்டில் நின்று பார்க்கலாம். அவுஸ்திரேலியாவின் மிகத் தாழ்ந்த நிலம், கடல் மட்டத்துக்குக் கீழே 15 மீற்றர். ஐயர் என்ற ஆராய்வாளரின் பெயரில் அழைக்கப்பட்டு வந்தது. அந்த நிலம் தங்களுடையது என்று அரபனா மக்கள் நீதிமன்றத்தில் உறுதிப்படுத்திய 2012 ஆம் ஆண்டிலேயே அவர்கள் வைத்த பெயரும் அரச பெயரில் சேர்ந்தது. நிரம்புவது அபூர்வம். நாங்கள் பார்த்தபோது ஆனையிறவு உப்பளம்போல வெள்ளையாகக் கிடந்தது. அரபனா மக்களுக்கு அது புனிதமான இடம், படுகையில் இறங்கி நடக்க வேண்டாம் என்பது அவர்களின் வேண்டுகோள். மேட்டிலேயே நின்றோம்.

மத்தியானச் சாப்பாடு கேடிமுர்கா என்ற கைவிட்ட புகையிரத நிலையத்தில். பாணும் இடிச்ச சம்பலும், இங்கிருந்து வந்தவள் கொண்டுவந்த எள்ளுப்பாகும். நிலையம் இருக்கிறது, உயர்ந்த தண்ணீர்த் தாங்கி இருக்கிறது, ரயில்தான் இல்லை. 1980 இல் வெகு தூரம் மேற்கே புதிய பாதை திறந்ததும் இதை மூடிவிட்டார்கள். கணக்காளர் அங்கேதான் ஒரு கேள்வி கேட்டாள். 1872 இல் போட்டு முடித்த தந்திக் கம்பியும் இந்த வழிதான், ஒட்டகமும் இந்த வழிதான், ரயிலும் இந்த வழிதான். இவ்வளவு வெட்டவெளி இருக்க, எல்லாரும் ஏன் இந்த ஒரே கோட்டைப் பிடித்தார்கள்? நேரே வடக்கே போயிருக்கலாமே?

"தண்ணி" என்றாள் ஆசிரியை. மிச்சத்தைக் கண்ணால் காட்டுகிறேன் என்று வாகனத்தில் ஏற்றினாள்.

சிறிது தூரத்தில் பிரதான பாதையை விட்டு இறங்கினால் வாப்மா கடார்பு என்ற பாதுகாக்கப்பட்ட பூமி. அங்கே வெறும் தரையில் சிறு மேடுகள். மேட்டில் ஏறினால் உச்சியில் வட்டமாகத் தெளிந்த நீர், சுற்றிவரப் பச்சைக் கோரை. ஒன்றுக்குப் பிளான்ச் கப் என்று பெயர். நீர் நிறைந்த கிண்ணம் ஒன்றை ஆரோ பாலைக்கு நடுவே வைத்துவிட்டு மறந்து போனது மாதிரி. பக்கத்தில் பப்ளர் என்ற இன்னொன்று. அதன் அடியில் மணல் விட்டு விட்டு வீங்கி, சோறு கொதிக்கிற பானைபோல மேலே பொங்கி அடங்குகிறது. பெரிய பாம்பொன்று உயிர் விடுகையில் துடிக்கிற துடிப்பு அது என்பது அரபனா மக்களின் கதை. கதையைப் படித்துவிட்டுப் பார்த்தால் வேறொன்றாகத் தெரியவில்லை.

ஆட்டீசியன் கிணறு, தமிழில் பொங்குகிணறு என்று படித்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். படத்தில் இரண்டு கோடுகள், நடுவில் புள்ளி போட்ட ஒரு படை. அந்தப் படம் எங்கள் காலடியில் இருந்தது. அவுஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நிலத்தின் கீழே, 17 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்பில் அந்த நீர்ப்படை விரிந்து கிடக்கிறது. பெரும்பகுதி நீர் கிழக்கே குயின்ஸ்லாந்து மலைகளில் பெய்த மழை. நுண்ணிய துளைகள் உள்ள மணற்கல் வழியே ஆண்டுக்கு ஒன்று முதல் ஐந்து மீற்றர் மட்டுமே நகர்கிறது. மேலே நீர் புகாத படை அமுக்கிக்கொண்டிருக்க, தென்மேற்கு விளிம்பில் வெடிப்புக் கண்ட இடங்களில் வெளியே பொங்குகிறது. கொண்டுவந்த சுண்ணாம்பையும் மணலையும் வாயைச் சுற்றிப் படியவிட்டுத் தன் மேட்டைத் தானே கட்டிக்கொள்கிறது. பிளான்ச் கப்பில் நாங்கள் எட்டிப் பார்த்த நீர் மழையாக விழுந்தபோது உலகத்தில் ஒரு ஊரும் இல்லை, ஒரு மொழியும் இல்லை. வேறெங்கும் இல்லாத சின்னஞ்சிறு நத்தைகள் இந்த ஊற்றுகளில் மட்டும் வாழ்கின்றன.

கணக்காளருக்கு விடை கிடைத்துவிட்டது. ஊற்றுகள் ஒரு வளைந்த கோட்டில் இருக்கின்றன. அந்தக் கோட்டில் அரபனா மக்கள் எண்ணற்ற தலைமுறைகளாக நடந்தார்கள். 1859 இல் ஸ்டுவர்ட் என்ற ஆராய்வாளர் அதே ஊற்றுகளைப் பிடித்து வடக்கே போனார். அவர் பின்னால் தந்தி, தந்தியின் பின்னால் ரயில். "கண்டுபிடித்தவர்" என்று பலகையில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

மாலையில் கவர்ட் ஸ்பிறிங்ஸ். ஆங்கிலத்தில் கோழை என்று பொருள்படுகிற பெயர். உண்மையில் 1858 இல் ஒரு பயணக் குழுவோடு வந்த பொலிஸ்காரரின் குடும்பப் பெயர் அது. பேரீச்ச மரங்களின் கீழே கூடாரம் அடித்தோம். பக்கத்தில் மரக்கட்டைகளால் கட்டிய சிறு தொட்டியில் நிலத்தடியில் இருந்து வரும் வெதுவெதுப்பான நீர். ஐந்து பேரும் கீரிமலைக் கேணியில் இறங்குவது போலக் குறுக்குக்கட்டு கட்டி இறங்கினோம். பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரப் பாட்டி எங்கள் உடுப்பை மிகவும் புகழ்ந்தாள்.

அந்த நீருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்த நாள் முழுவதையும் உங்களுக்குச் சொன்னதே இதற்காகத்தான். 1886 இல் ரயில்வேக்காக அங்கே ஒரு துளைக்கிணறு அடித்தார்கள். நீர் தானாகவே பீறிட்டது. காலப்போக்கில் கட்டுப்பாடில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடி துளையிட்டுக் கட்டுப்படுத்தியது 1993 இல். கவர்ட் ஸ்பிறிங்ஸ் ஒன்று மட்டுமா? நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் துளைத்தார்கள். நீரைத் திறந்த வாய்க்கால்களில் விட்டார்கள். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆவியாகியும் மண்ணில் ஊறியும் போனது. அழுத்தம் குறைந்தது, பல ஊற்றுகள் வற்றின. துளைத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். தண்ணீர் கேட்காமலே மேலே வந்தது, அதனால் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரும் அளக்கவில்லை. 1999 இல் இருந்து அரசுகள் சேர்ந்து பெரும் செலவில் கிணறுகளுக்கு மூடி போட்டு, வாய்க்காலுக்குப் பதில் குழாய் பதித்தன. சில இடங்களில் அழுத்தம் மீண்டிருக்கிறது.

இரவு நெருப்பைச் சுற்றி இருந்தோம். அவ்வளவு வெள்ளி ஒரே வானத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. இஞ்சித் தேத்தண்ணீர் குடிக்கும்போது 1995 ஒக்டோபர் 30 பற்றிய கதை தானாக வந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எங்களை வலிகாமம் முழுவதோடும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நகர்த்திய நாள். நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஓர் அடி வைக்க ஒரு மணித்தியாலம். இரு பக்கமும் கடல்நீர், குடிக்க ஒரு துளி இல்லை. மழை வந்தது. ஆட்கள் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து அதில் விழுந்த மழையைக் குடித்தார்கள். எங்களில் இருவர் அப்படிக் குடித்தோம். லண்டன்காரி அந்தக் கதையைத் தன் பிள்ளைகளுக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை. "குடைத்தண்ணி கொஞ்சம் கறுப்புச் சாயம் மணக்கும்" என்று அன்று எங்களுக்குச் சொன்னாள். அங்கே, அந்தத் தொட்டி நீர் இருட்டில் வழிந்துகொண்டிருக்க.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறில்லை. மாரியில் பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீராக மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது அதனால்தான். துலா மிதித்த காலத்தில் அள்ள முடிந்த அளவு மனிதக் கையின் அளவு. மோட்டருக்கு அந்த அளவு இல்லை. கூட இறைத்தால் நன்னீர் மெலியும், உப்பு மேலே ஏறும். உவர்த்துப் போன கிணற்றைத் திருப்புவது எளிதல்ல. பொங்கு கிணற்றுக்கு மூடி போடலாம்; எங்கள் கிணற்றுக்குப் போடுகிற மூடி ஒன்று இல்லை. மருத்துவத்தில் நைத்திரேற்றைப் பற்றியும் சொல்லலாம், ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டோம்.

இப்போது கல்லூரிக்கு வருகிறோம். நூற்றாண்டு நிதியில் விடுதிக்குப் பின்னால் குழாய்க் கிணறு ஒன்று அடித்துப் பெரிய மோட்டர் பூட்டுகிற யோசனை சங்கத்தில் இருக்கிறது. நல்ல நோக்கம். விடுதிப் பிள்ளைகள் வாளியோடு வரிசையில் நிற்பதை நாங்களும் பார்த்தோம். நாங்கள் கேட்பது ஒரு வருடம். ஒரு மாரியும் ஒரு கோடையும் முழுதாகப் போகட்டும். பழைய கிணற்றில் நீர் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது, உவர்த்தன்மை எந்த மாதம் கூடுகிறது என்று முதலில் பார்ப்போம். அதற்கிடையில் பிரதான மண்டபத்தின் ஓட்டுக் கூரைக்குப் பீலி பூட்டி மழைநீர்த் தொட்டி ஒன்று கட்டலாம். அதற்கான செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. உவர்த்தன்மை அளக்கும் கருவி ஒன்றை ரொறன்ரோக்காரி பெட்டிக்குள் கொண்டுவந்து அதிபரிடம் கொடுத்துவிட்டாள்.

அளக்கிற வேலை தை மாதமே தொடங்கிவிட்டது. உயர்தர வகுப்புப் புவியியல் மாணவிகள் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலைப் பிரார்த்தனைக்கு முன்னர், மோட்டர் போடாத நேரத்தில், கயிற்றில் ஈயக் குண்டு கட்டி இறக்கி அளந்து எழுதுகிறார்கள். கொப்பி விஞ்ஞானகூடத்து அலுமாரியில், மேல் தட்டில் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வந்திருக்கிற அக்காமார் போவதற்கு முன் ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். மோட்டர் பற்றிய தீர்மானத்தை அடுத்த பொதுக்கூட்டத்தில் அந்தக் கொப்பியை மேசையில் வைத்துக்கொண்டு எடுப்போம்.